மரபு நிலப்பரப்பு என்றால் என்ன? சேலத்திலிருந்து தொல்லிடம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சங்ககிரிக் கோட்டையின் அடிவாரத்திலும் ஆத்தூர்க் கோட்டையிலும் இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்றும், சிதைப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்றும் அவை சொல்லுகின்றன. அந்தப் பலகையைக் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோர், மதில் சுவரும் வாயிலும்தான் பாதுகாக்கப்படுகின்றன என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. சட்டம் சுவரை மட்டும் பார்ப்பதில்லை. சுவரைச் சுற்றியுள்ள மண்ணையும் பார்க்கிறது. அதற்கும் மேலே ஒரு படி போய், மலை, சுனை, ஏரி, வயல், வழிபாடு, பழைய கட்டடம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓர் இடத்தை மொத்தமாகவே ஒரு மரபுச் செல்வமாகக் கருதும் பார்வை ஒன்று இருக்கிறது. அதைத்தான் மரபு நிலப்பரப்பு என்கிறோம். இந்தக் கருத்து பிடிபட்டுவிட்டால், ஒரு தொல்லிடத்தில் எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் இருப்பது என்பதெல்லாம் யாரும் தனியாகச் சொல்லித் தராமலே விளங்கிவிடும்.

உலக மரபுச் சின்னங்களைப் பட்டியலிடும் யுனெஸ்கோ அமைப்பே இந்தப் பார்வைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதன் உடன்படிக்கை 1972இல் உருவானது. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. ஆனால் மனிதரும் இயற்கையும் சேர்ந்து உருவாக்கிய நிலப்பரப்பு என்ற தனி வகையை 1992இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1986இல், பட்டியலில் ஏறிவிட்ட ஹம்பியை எடுத்துக்கொண்டால் இந்த வகை ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். விஜயநகரத்தின் கோயில்களையும் கடைவீதிகளையும் தனித்தனியே எண்ணிப் பட்டியலிடலாம். ஆனால் அந்த நகரம் அங்கே அமைந்ததற்குக் காரணமான துங்கபத்திரையையும், இயற்கை அரணாக நின்ற பாறைக் குன்றுகளையும், இன்றும் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் பழைய வாய்க்கால்களையும் விட்டுவிட்டு எந்தப் பட்டியலும் நிறைவு பெறாது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் வேலை அந்தக் காட்சியையும் அமைதியையும் குலைக்கிறது என்ற காரணத்தாலேயே 1999இல் ஹம்பி ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலில் வைக்கப்பட்டது. 2006இல்தான் அதிலிருந்து நீங்கியது. ஒரு கோயில் தூணைக்கூட யாரும் பெயர்க்காமலே ஓர் இடம் கெட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வளவு தொலைவு போகாமல் நம் மாவட்டத்துக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஆத்தூரைத் தாண்டித் தலைவாசல் பக்கம் போனால், வசிட்ட நதிக் கரையில் ஆறகழூர் இருக்கிறது. வாணகோவரையர் என்ற சிற்றரசர்கள் மகதை மண்டலம் என்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தை ஆண்ட காலத்தில் இது அவர்களுடைய தலைமை ஊர். இன்று ஆறகழூருக்குப் போகிறவர்கள் காமநாதீசுவரர் கோயிலுக்குப் போய், அங்குள்ள பைரவர்களை வணங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே உள்ள தியாகனூரில், தியானத்தில் அமர்ந்த நிலையில் ஆளுயரத்துக்குக் குறையாத புத்தர் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஊரார் மண்டபத்துக்குள் வைத்து இன்றும் விளக்கேற்றி வழிபடுகிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு தலைநகரம், அதன் நடுவே ஒரு சிவன் கோயில், சற்றுத் தள்ளி வயல்களுக்கு இடையே புத்தர். இவை மூன்றையும் ஒரே வட்டாரத்தின் பகுதிகளாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இடைக்காலத்தில் சேலத்துச் சீமையில் பௌத்தம் வேரூன்றியிருந்தது என்பதும், கடலோரப் பட்டினங்களில் மட்டும்தான் அது இருந்தது என்ற பொதுவான எண்ணம் சரியல்ல என்பதும் தெரிகின்றன. தியாகனூர் புத்தரை மட்டும் பெயர்த்து ஒரு பெருநகர அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால், அழகான சிலை ஒன்று கிடைத்திருக்கும். இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

மடம், பள்ளி, விகாரை என்று நாம் சொல்லும் துறவியர் உறைவிடங்கள் உள்ள இடங்களில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் இதைக் கற்றுக்கொள்ள நான் பரிந்துரைக்கும் இடம் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி. சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போய், அங்கிருந்து மேலூர்ச் சாலையில் திரும்ப வேண்டும். விடியுமுன் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரத்தில் நிற்க முடியும். ஏழு குன்றுகள் சூழ்ந்த இந்த ஊரின் கழிஞ்சமலையில், சமணத் துறவியர் தங்கிய இயற்கைக் குகைத்தளம் ஒன்று இருக்கிறது. முதன்முறை போகிறவர் அங்கே கட்டடம் எதையும் தேடினால் ஏமாந்துதான் திரும்புவார். பாறை முன்னோக்கிச் சரிந்து கூரைபோல் நிற்கும். அதன் கீழே தரை இருக்கும். அவ்வளவுதான் முதலில் கண்ணில் படும்.

நின்று பார்க்க வேண்டிய இடம் அந்தக் கூரைப் பாறையின் நெற்றிப்பகுதி. அங்கே புருவம்போல வளைவாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் பாறையின் முகத்தில் வழிந்து வரும் தண்ணீர், அந்தக் காடி இல்லையென்றால் பாறையின் அடிவயிற்றை ஒட்டியே உள்ளே ஓடிப் படுத்திருப்பவர் மேல் சொட்டும். காடி இருப்பதால் அதன் விளிம்புக்கு வந்ததும் அறுபட்டு நேராக வெளியே விழுந்துவிடுகிறது. உளியால் ஒரு கோடு இழுத்ததிலேயே குகை வீடாகிவிட்டது. பாறைத் தரையைச் செதுக்கிச் சமப்படுத்தி, தலை வைக்கும் பக்கத்தைச் சற்று மேடாக விட்டு உண்டாக்கிய கற்படுக்கைகளை மதுரையைச் சுற்றியுள்ள பல சமணக் குன்றுகளில் காணலாம். அவற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். பார்வையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காடியை ஒட்டித் தமிழி எனப்படும் மிகப் பழைய தமிழ் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கழிஞ்சமலையில் உள்ள பொறிப்புகளில் ஒன்று, நெல்வெளியைச் சேர்ந்த செழியன் ஒருவன் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது. பிற்காலத்தில் கண்டறியப்பட்ட இன்னொன்று, இலஞ்சி என்ற ஊரின் வேள், அதாவது சிற்றரசன், ஒருவனின் மகன் கொடுத்ததைக் குறிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த இரண்டு வரிகளில், துறவிக்கு இருப்பிடம் கொடுப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமையாக இருந்தது என்ற சமூகச் செய்தியே அடங்கியிருக்கிறது. அதே மலையில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கி, அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சணந்தி என்ற சமண ஆசிரியர் செய்வித்த திருமேனி அது. பாதிரிக்குடி ஊரார் அதைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். பாதுகாப்பு என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு குன்றில் முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. அதில் உள்ள, சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கூடியது.

இத்தனையும் இருந்தும் அரிட்டாபட்டிக்கு 2022 நவம்பரில் கிடைத்த புதிய பாதுகாப்பு, தொல்லியல் சட்டத்தின் வழியாக வந்தது அல்ல. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அறிவிப்பில் வல்லூறுகள், கழுகுகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு என்று உயிரினங்களும் வருகின்றன. எழுபதுக்கும் மேற்பட்ட ஏரிகளும் இருநூறு ஊற்றுகளும் வருகின்றன. சமணப் படுக்கைகளும் குடைவரையும் வருகின்றன. மரபு நிலப்பரப்பு என்ற சொல்லைக் கேட்டுக் குழம்புகிறவர்களுக்கு நான் இந்த அறிவிப்பைத்தான் காட்டுவேன். குகையில் துறவி தங்கினார் என்றால் பக்கத்தில் சுனை இருந்தது; சுனையில் நீர் நின்றது என்றால் மேலே பாறை உடையாமல் இருந்தது; துறவிக்குச் சோறு கிடைத்தது என்றால் கீழே ஏரியும் வயலும் ஊரும் இருந்தன. இதில் எந்த ஒன்றை எடுத்தாலும் மற்றவை பொருளிழக்கின்றன. இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் தோண்டுவதற்கு 2024இல் ஏலம் விடப்பட்டபோது மேலூர்ப் பகுதி மக்கள் திரண்டு எதிர்த்ததும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். சேர்வராயன் மலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டப்பட்ட வரலாறு உண்டு என்பதால், மலையின் தலையைச் சீவினால் என்ன ஆகும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாத் துறவியர் உறைவிடங்களும் குகைகள் அல்ல. செங்கல்லால் கட்டிய விகாரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் பூம்புகாரை ஒட்டிய பல்லவனேசுவரத்தில் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் அடித்தளத்தைப் பார்க்கலாம். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதம் அங்கேதான் கிடைத்தது. இந்த அமைப்பின் பெரிய உருவம் பீகாரில் உள்ள நாளந்தா. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிற்றறைகள், வாயிலுக்கு நேரெதிரே வழிபாட்டு அறை, முற்றத்தில் கிணறு. ஒரு விகாரையை இப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டால் அடுத்த பத்தும் தாமாகவே புரியும். நாளந்தாவில், சுமத்திராத் தீவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் பாலபுத்திரன் கட்டிய விகாரைக்குப் பால மரபு மன்னன் தேவபாலன் ஊர்களைக் கொடையளித்தான். நாகப்பட்டினத்தில் அதே ஸ்ரீவிஜயத்தார் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். நாளந்தா 2016இல் உலக மரபிடமாயிற்று. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற கோபுரமோ 1867இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று பார்க்க எதுவுமில்லை. இடிந்த நிலையில் கிடப்பதைவிட இடித்துத் தள்ளப்படுவது எவ்வளவு வேறானது என்பதை இந்த இரண்டையும் ஒப்பிட்டால் உணரலாம்.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். இது சற்று வறட்சியான பகுதி. ஆனால் அங்கே போய்க் காவலரோடு வாதாடாமல் இருப்பதற்கு உதவும். தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களை 1958ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தின்படி இந்தியத் தொல்லியல் துறை கவனிக்கிறது. மாநில அளவில் முக்கியமானவற்றை 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி மாநிலத் தொல்லியல் துறை கவனிக்கிறது. ஒன்றியச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். சின்னத்தைச் சிதைத்தாலோ, அதில் பெயர் கிறுக்கினாலோ, அகற்றினாலோ, இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2019இல் ஹம்பியில் ஒரு தூணைத் தள்ளி விழவைத்துக் காணொளி எடுத்த இளைஞர்களுக்கு நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, விழுந்ததை அவர்கள் கையாலேயே எடுத்து நிறுத்தவும் வைத்தது. பிந்தைய தண்டனைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் அங்கே யாரும் வாழக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது என்று பொருளில்லை. பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிப்பதால் அங்குள்ள மக்களின் வழக்கமான உரிமைகள் பறிபோவதில்லை. அவர்களை அந்த இடத்தின் காவலர்களாகவே அந்த ஏற்பாடு கருதுகிறது. ஆகவே அரிட்டாபட்டியிலோ தியாகனூரிலோ வயல் வரப்பில் நடந்து போகும் விருந்தாளி நாம்தான் என்பதையும், அங்கே களை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது முறை என்பதையும் மறக்கலாகாது.

தொடக்கக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தரையில் கிடக்கும் ஒரு பானை ஓட்டை எடுத்து வருவதால் என்ன குடிமுழுகிப்போகும்? ஓடு உடைந்ததுதான், அதற்கு விலையும் இல்லை என்பது உண்மை. ஆனால் தொல்லியலாளர் ஓட்டைப் பார்ப்பது அதன் அழகுக்காக அல்ல. எந்த மண்ணடுக்கில், எந்தச் சுவரின் எந்தப் பக்கத்தில், எந்தக் காசோடும் எந்தக் கரித்துண்டோடும் சேர்ந்து கிடந்தது என்பதிலிருந்தே காலத்தையும் வாழ்க்கையையும் கணிக்கிறார்கள். இடம் தெரியாமல் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட ஓடு, தேதியும் சாட்சிக் கையெழுத்தும் கிழிந்துபோன கிரயப் பத்திரத்தைப் போன்றது; கையில் இருக்கும், எதையும் நிரூபிக்காது. அதனால்தான் தரையில் கிடப்பதையும் தொடவேண்டாம் என்கிறார்கள். மண்ணில் புதைந்து கிடந்து வெளிப்படும் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டம் வகுத்த மதிப்பு வரம்பு பத்து ரூபாய்; இன்றைக்கு அது ஒரு தேநீர் விலை.

சேர்வராயன் மலைக்கு இந்த விஷயத்தில் தனி இடம் உண்டு. 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், ஓய்வுக் காலத்தில் குடியேறியது ஏற்காட்டில்தான். அங்குள்ள தூய திரித்துவ தேவாலயத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்துக்குப் போன அவருடைய சேகரிப்பில் சேர்வராயன் மலையின் புதிய கற்காலக் கோடரிகளும் அடங்கும். வழவழப்பாகத் தேய்த்த இத்தகைய கற்கோடரிகளை, இந்த மலையில் வாழும் பழங்குடியினரான மலையாளி மக்கள் தங்கள் ஊர்க் கோயில்களில் சாமிக் கற்களாக வைத்து வணங்கி வந்திருக்கிறார்கள். ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடுகிற நமக்கு, இந்த மலை புதிய கற்காலத்தவர் புழங்கிய நிலம் என்ற நினைப்பே வருவதில்லை.

கோடரி கடவுளாகிவிட்ட இந்த இடத்தில்தான் மரபுப் பாதுகாப்பின் கடினமான கேள்வி எழுகிறது. ஒரு பொருள் தொல்பொருளாகவும் சாமியாகவும் ஒரே சமயத்தில் இருந்தால் என்ன செய்வது? சேலத்திலேயே இதற்கு ஒரு வழக்கு நடந்தது. கோட்டைச் சாலை, பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வணங்கிவந்த சிலை, புத்தருடையது என்று சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் மாநிலத் தொல்லியல் துறையை ஆய்வு செய்யச் சொன்னது. தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, நீண்ட காது மடல்கள் ஆகியவற்றை வைத்து அது புத்தர் சிலைதான் என்று துறை அறிக்கை கொடுத்தது. உடைந்திருந்த தலையைப் பிற்காலத்தில் சிமெண்ட் கலவையால் ஒட்டியிருந்ததும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. 2022 ஜூலையில் நீதிமன்றம், அந்த இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூசை கூடாது என்று உத்தரவிட்டது.

சிலையின் அடையாளத்தைப் பற்றிய தீர்ப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். உடைந்த சிலைகள் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுப் படிக்கட்டுக்கும் போன காலங்களில், முனியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் இட்ட மக்களால்தான் பல சிலைகள் தப்பிப் பிழைத்தன. அவர்கள் வைத்த பெயர் தவறாக இருக்கலாம். அவர்கள் செய்த காவல் பெரியது. சேர்வராயன் குகைக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் உச்சியில், தாழ்ந்த குகைக்குள், சேர்வராயனும் காவேரி அம்மனும் குடியிருக்க, வைகாசிப் பருவத்தில் சுற்றுவட்டாரத்து மலையாளி ஊர்கள் எல்லாம் கூடித் தேர் எடுக்கின்றன. அங்கே வழிபாட்டை நிறுத்திவிட்டால் குகை மிஞ்சும்; மரபு நிலப்பரப்பு மிஞ்சாது. வழிபாடு உயிரோடு இருக்கும் இடத்தையும், வழிபாடு அற்றுப்போய் இடிபாடாக இருக்கும் இடத்தையும் ஒரே விதியால் அளக்க முடியாது என்பதைத் தொடக்கக்காரர் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வகையில் செருப்பைக் கழற்றுவது, பூசாரி சொல்லும் எல்லையில் நிற்பது, படம் எடுக்குமுன் கேட்பது ஆகியவை கட்டாயம். இரண்டாம் வகையில் விளக்கும் எண்ணெயும் மஞ்சளும் கொண்டுபோய்ப் புதிதாகப் பூசை தொடங்காமல் இருப்பதே மரியாதை. எண்ணெய் தூசியைப் பிடித்துப் படலமாக்குகிறது, சுடரின் கரி ஏறிச் செதுக்கின் நுட்பம் மறைந்துவிடுகிறது.

கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெருந்தீங்கு சாக்கட்டி. எழுத்து மங்கலாக இருக்கிறது, படத்தில் விழவில்லை என்று எழுத்தின் பள்ளத்தில் சாக்கட்டியோ மாவோ தேய்க்கிறார்கள். இதனால் பாறை பாழாவது ஒரு பக்கம். தமக்குப் புரிந்தபடி கோட்டை நீட்டிவிடுவதால் அடுத்து வருபவர் தவறான எழுத்தைப் படிப்பது இன்னொரு பக்கம். தமிழி எழுத்தில் ஒரு புள்ளியோ சிறு கோடோ கூடினால் சொல்லே மாறிவிடும். இதற்கு எளிய மாற்று, நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. காலையிலோ மாலையிலோ பாறையின் மேல் வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி, எழுத்துத் தானாகவே எழுந்து நிற்கும். வெயில் படாத குகைக்குள் கைபேசி விளக்கைப் பாறைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய தரைக்கு இணையாகப் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். விளக்கை நேருக்கு நேர் அடித்தால் ஒன்றும் தெரியாது.

சாதாரணக் கேமராவுக்கும் கைபேசிக்கும் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. முக்காலி வைக்கவும் டிரோன் பறக்கவிடவும் முன் அனுமதி வேண்டும். சங்ககிரி ஏறுகிறவர்கள் தண்ணீரை அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வாயில் வாயிலாக ஏறும் அந்த மலையில் நிழல் குறைவு. ஆடி 18 வாக்கில் அங்கே கூட்டம் அதிகம், ஏனென்றால் 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் அது. கோட்டையைக் கோட்டையாக நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குன்றுக் குகைகளின் நெற்றியில் மலைத்தேன் கூடுகள் இருக்கும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் அவற்றுக்கு ஆகாது. குழந்தைகளுக்கு இதை ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும். சுனை நீரில் கை, கால் கழுவ வேண்டாம். தேவாங்குக்கும் பறவைக்கும் கோடையில் வேறு தண்ணீர் கிடையாது.

ஓர் எளிய பழக்கத்தையும் பரிந்துரைக்கிறேன். எந்தத் தொல்லிடத்துக்குப் போனாலும், சிலைக்கோ குகைக்கோ நேராகப் போய் நிற்காமல், முதலில் சற்று உயரமான ஓரிடத்தில் நின்று ஊரைப் பாருங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது, பழைய பாதை எந்தப் பக்கமாக வந்திருக்கும், இங்கே குடியேறியவர்கள் ஏன் அடுத்த குன்றை விட்டுவிட்டு இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தியாகனூரில் இந்தக் கேள்விக்கு வசிட்ட நதி பதில் சொல்லும். அரிட்டாபட்டியில் ஏரியும் சுனைகளும் பதில் சொல்லும். மேட்டூர் அணை நீர் வற்றும் கோடைகளில் பண்ணவாடிப் பரிசல் துறையில் தலைகாட்டும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் பார்க்கப் போகிறவர்கள், 1934இல் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போனது கோயிலும் தேவாலயமும் மட்டும்தானா, சாலையும் சந்தையும் வயலும் சேர்ந்த ஓர் ஊரா என்று கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் தோட்டத்திலோ, ஏரி தூர்வாரும்போதோ எழுத்துள்ள கல்லோ, சிலையின் துண்டோ, மண் தாழியோ தென்பட்டால், அதைக் கழுவவோ தேய்க்கவோ தூக்கி வேறிடம் வைக்கவோ வேண்டாம். இருக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்து, அருகில் நின்றும் தள்ளி நின்றும் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். வட்டாட்சியர் வழியாக அது தொல்லியல் துறைக்குப் போகும். சேலம் அரசு அருங்காட்சியகத்திலும் நேரில் போய்த் தெரிவிக்கலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.